கடல் தெரியும் அறை

கொழும்பில் தங்க இடம் பதிவு செய்தபோது, கடல் தெரியும் சன்னலுக்காக நாளொன்றுக்கு 200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு சந்தில் நான்காவது மாடி அறை. சன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளம், அதற்கப்பால் அலை. படத்தைப் பார்த்தே மயங்கிவிட்டேன். அந்தக் கட்டடத்தைச் சுற்றி வேறு என்னென்ன இருக்கின்றன என்று வரைபடத்தை ஒரு முறை விரித்துப் பார்த்திருக்கலாம். பிரதமரின் அதிகாரபூர்வ இல்லமான அலரி மாளிகை, நம் இந்தியத் தூதரகம் (அங்கே உயர்ஸ்தானிகராலயம் என்பார்கள்), அமெரிக்கத் தூதரகம், சற்று வடக்கே காலிமுகத்திடல், அதையொட்டி ஜனாதிபதி செயலகம். எல்லாம் நடந்து போகும் தூரத்தில்தான். 2022 மே மாதம் பொருளாதார நெருக்கடியால் ஒரு நாடே கொதித்துக்கொண்டிருந்தபோது, நான் போய் அடுப்பை ஒட்டிப் பாய் விரித்திருக்கிறேன்.

நான் திருச்சிக்காரன். பதினேழு வருடங்களாக ஆயுள் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். "கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்" என்று வாடிக்கையாளர்களிடம் வாய் வலிக்கச் சொல்கிறவன், என் சொந்தப் பயணக் காப்பீட்டை வாசிக்காமல் இரண்டு நிமிடத்தில் கைப்பேசியிலேயே வாங்கினேன். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

ஏன் போனேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இலங்கை ரூபாய் விழுந்துகிடந்தது. மார்ச்சுக்கு முன்னால் ஒரு டாலருக்கு 200 என்றிருந்தது மே மாதத்தில் 360ஐத் தொட்டுவிட்டது. நம் ஒரு ரூபாய்க்கு நாலரைக்கும் மேல் கிடைத்தது. பக்கத்து நாடு, ஒரு மணி நேர விமானம், பேசுவதற்குத் தமிழும் இருக்கிறது. மலிவாக ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். ஒருவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தும் விருந்துக்குப் போகிறவனைப் போல. மனைவி வேண்டாம் என்றாள். டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்காது என்று அவள் வாயை அடைத்தேன். மே 6 வெள்ளிக்கிழமை நாடு முழுவதும் ஹர்த்தால். அன்று நள்ளிரவிலிருந்து அவசரகால நிலை. 7ஆம் தேதி திருச்சி விமான நிலையத்தில் வரிசையில் நின்றபடியே அந்தச் செய்தியைப் படித்தேன். படித்துவிட்டு விமானத்தில் ஏறினேன்.

முதல் இரண்டு நாளும் நன்றாகவே கழிந்தன, அதுதான் ஆபத்து. செட்டியார் தெருவில் கதிர்வேலாயுத சுவாமியைத் தரிசித்தேன். காலிமுகத்திடலில் இறால் வடை தின்றேன். ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதவி விலக வேண்டும் என்று ஏப்ரல் 9 முதல் அங்கே கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்த இளைஞர்களின் 'கோட்டா கோ கம'வை ('கோட்டா போ' கிராமம்) சுற்றிப் பார்த்தேன். நூலகம் வைத்திருந்தார்கள், பொதுச் சமையல் நடந்தது, பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து போனார்கள். தமிழில் எழுதிய பதாகைகளும் இருந்தன. ஒரு திருவிழாவுக்கு வந்தவனைப் போல நின்று படம் எடுத்துக்கொண்டேன். மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் கண்ணில் பட்டன, ஆனால் அவை என்னைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை, கொழும்பின் தெற்கே இருக்கும் வெள்ளவத்தையில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எழுபதை நெருங்கிய யாழ்ப்பாணத்துப் பெரியவர். எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னதும் முகம் சுருங்கியது. "அங்கே ஏன் தம்பி போய் நிற்கிறீர்கள்? நாளைக்கு ஊர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவரப் போகிறார்களாம் என்று ஒரு கதை இருக்கிறது. ஏதும் என்றால் பெரிய வீதியால் வராதீர்கள். கடற்கரை வீதியால் தெற்கே நேரே நடந்தால் ஒரு மணித்தியாலத்தில் இங்கே வந்துவிடலாம்." நான் தலையை ஆட்டினேன். பில்லை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதில் கடையின் தொலைபேசி எண் அச்சிட்டிருந்தது. அந்தப் பயணத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே முன்னேற்பாடு அதுதான், அதுவும் தெரியாமல் செய்தது.

மறுநாள் 9ஆம் தேதி, திங்கட்கிழமை. காலையில் அறையைக் கூட்ட வந்த பையன் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவன், இருபத்திரண்டு வயது இருக்கும். "சேர், இன்றைக்குப் பெரிய வீதிப் பக்கம் போகவேண்டாம். பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்குகிறார்கள்" என்றான். இரண்டு நாளில் இரண்டு பேர் சொல்லியாகிவிட்டது. வேறொருவனாக இருந்தால் பையைக் கட்டியிருப்பான். நான் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காகக் கீழே இறங்கினேன்.

அலரி மாளிகைக்குள் ஆளுங்கட்சி ஆதரவாளர்களின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வீதியோரத்தில் பஸ்கள் நின்றன. நான் முதலில் கவனித்தது அதையல்ல. மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். பேக்கரியில் கண்ணாடி அலமாரியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஓட்டோக்கள் ஒன்றுகூட நிற்கவில்லை. எப்போதும் நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் பழக்காரி கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள். தொலைக்காட்சியும் கைப்பேசியும் சொல்வதற்கு வெகு முன்னால் தெரு சொல்லிவிடும். அந்த ஊரில் பிழைக்கிறவர்கள் எப்போது கடையை மூடுகிறார்களோ அப்போதே நீங்களும் திரும்பிவிட வேண்டும். மூடாத கடையைத் தேடிக்கொண்டு மேலே நடக்கக் கூடாது. நான் தேநீர் கிடைக்குமா என்று தேடிக்கொண்டு மேலே நடந்தேன்.

நண்பகல் வாக்கில் மாளிகைக்குள்ளிருந்து கூட்டம் வெளியே வந்தது. கையில் கம்புகள், இரும்புக் குழாய்கள். எதிரே, பிரதமரைப் போகச் சொல்லி அந்த வாசலை மறித்துப் போட்டிருந்த 'மைனா கோ கம' கூடாரங்களைப் பிய்த்து எறிந்தார்கள், உள்ளே இருந்தவர்களை அடித்தார்கள். ஒரு பெண் தரையில் விழுந்ததைப் பார்த்தேன். நான் செய்த காரியம் என்ன தெரியுமா? கைப்பேசியை எடுத்து உயர்த்திப் பிடித்தேன். பக்கத்தில் நின்ற லொத்தர் (லாட்டரி) சீட்டு விற்கும் சிங்களப் பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் கீழே இறக்கினார். "போன் வேண்டாம், போன் வேண்டாம்" என்று உடைந்த தமிழில் சொன்னார். அதே நொடியில் கம்போடு ஒருவன் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். அடிக்கிறவனுக்குத் தன் முகம் பதிவாவதைவிடப் பெரிய கோபம் வேறில்லை. படம் பிடிப்பவன் பயணியா, பத்திரிகைக்காரனா, எதிராளியா என்று அவன் விசாரிக்கப் போவதில்லை. அந்தப் பெரியவருக்கு நன்றி சொல்லக்கூட நேரமில்லை, திரும்பியபோது அவர் இல்லை.

கூட்டம் காலிமுகத்திடல் பக்கம் நகர்ந்தது. தொலைவில் கண்ணீர்ப்புகை வெடிக்கும் சத்தம். முதல் நெடி வந்ததும் என் கண்ணில் மிளகாயைத் தேய்த்தது போல எரிந்தது. கசக்கினேன், எரிச்சல் இரண்டு மடங்கானது. கசக்கக் கூடாது, சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நகர வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. நல்ல வேளையாக நான் ஓடி நுழைந்த சந்து கடலை நோக்கி இறங்கியது, காற்று எதிரே வந்தது. ஆனால் கொள்ளுப்பிட்டியின் பல சந்துகள் அப்படித்தான், ஒரு முனையில் காலி வீதி, மறு முனையில் தண்டவாளமும் கடலும். நடுவே கடற்கரை வீதி மட்டும் தெற்கே போகிறது. அது தெரியாதவனுக்கு அந்தச் சந்துகள் எலிப்பொறி. ஒரு புது ஊரில் இறங்கியதும் பெரிய சாலைக்கு இணையாகப் போகும் இன்னொரு சாலை எது என்று முதல் நாளே நடந்து பார்த்துவிட வேண்டும் என்பேன். பார்க்கத்தக்க இடங்கள் அப்புறம்.

அறைக்கு வந்தபோது மணி ஒன்றரை. இங்கேதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். பையைத் தூக்கிக்கொண்டு கடற்கரை வீதியால் நடந்திருந்தால் இரண்டரைக்கு வெள்ளவத்தையில் இருந்திருப்பேன். கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அன்றிரவுக்கும் சேர்த்து அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது, 3,400 ரூபாய். மறுநாள் மாலை விமானம். ஓர் இரவுதானே, கதவைப் பூட்டிக்கொண்டு படுத்துவிட்டால் போகிறது. இப்போது போனால் அந்தப் பணம் வீண். இந்தக் கணக்கை முடித்து, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு கீழே வந்தபோது அந்தப் பையன் கதவுக்கு உள்பக்கமாகச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தான். கொழும்பில் ஊரடங்குச் சட்டம் அறிவித்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அது நாடு முழுவதற்கும் என்றானது. 3,400 ரூபாயைக் காப்பாற்ற நான் இழந்தது எவ்வளவு என்பதைக் கடைசியில் கூட்டிச் சொல்கிறேன்.

மாலையில் பிரதமர் பதவி விலகினார் என்று செய்தி வந்தது. சந்தின் முனையில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அப்போதுதான் தொடங்கியது. பகலில் அடிவாங்கியவர்களுக்காக ஊரே திரும்பி எழுந்தது. ஆதரவாளர்களை ஏற்றிவந்த பஸ்களை நொறுக்கினார்கள், சிலவற்றைப் பேர வாவிக்குள் தள்ளினார்கள். நிட்டம்புவையில் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொல்லப்பட்டார். இரவு முழுவதும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. அலரி மாளிகை வாசலை உடைக்க ஒரு பெருங்கூட்டம் முயன்றது, உள்ளேயிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகள் விடியும்வரை வெடித்தன. ஒவ்வொரு வெடிக்கும் என் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கதவிடுக்கில் ஈரத் துண்டை வைத்து அடைத்துவிட்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் தரையில் படுத்திருந்தேன். நாற்பத்து நான்கு வயது ஆண் என்று சொல்லிக்கொள்ளலாம், அழுதேன். மனைவிக்குச் செய்தி அனுப்பலாம் என்றால் மின்சாரம் போய், விடுதியின் வைஃபையும் போயிருந்தது. உள்ளூர் சிம் வாங்கவில்லை. 'விடுதியில்தான் இணையம் இருக்கிறதே' என்று விமான நிலையத்தில் மிச்சம் பிடித்திருந்தேன். கடைசியில் இந்திய எண்ணிலேயே ரோமிங்கைத் திறந்தேன், 2,400 ரூபாய் பில் வந்தது. இறங்கிய இடத்திலேயே சிம் வாங்குங்கள். பவர் பேங்க் ஒன்றை நிரப்பியே வைத்திருங்கள். வீட்டாருக்கு 'ஒன்பது மணிக்கும் நாலு மணிக்கும் செய்தி வரும், நடுவில் வராவிட்டால் பதற வேண்டாம்' என்று நேரம் குறித்துக் கொடுங்கள். என் மனைவி அந்த இரவில் நாற்பத்தோரு முறை அழைத்திருந்தாள்.

விடுதி மேலாளர் மாலையே வீட்டுக்குப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. வரவும் முடியாது. நானும் அந்தப் பையனும் ஒரு வயதான காவலாளியும் மட்டும். 10ஆம் தேதி விடிந்ததும் வாகனம் தேட ஆரம்பித்தேன். இணையத்தில் கிடைத்த ஒவ்வொரு எண்ணுக்கும் அழைத்தேன். பாதிப் பேர் எடுக்கவில்லை, எடுத்தவர்கள் "பெற்றோல் இல்லை" என்றார்கள், அல்லது "ஊரடங்கு" என்றார்கள். ஊரடங்கு என்றால் யாருமே நகர முடியாது என்றுதான் நானும் நம்பினேன். மாலையில் விமானம் குறித்த நேரத்தில் நான் இல்லாமல் திருச்சி போய்ச் சேர்ந்தது. மறுநாள் காவலாளி வெகு சாதாரணமாகச் சொன்னதை அந்தப் பையன் மொழிபெயர்த்தான்: விமானப் பயணிகளுக்குக் கடவுச்சீட்டும் டிக்கெட்டும்தான் ஊரடங்கு அனுமதிச் சீட்டு, காவல் சாவடியில் அதைக் காட்டினால் விமான நிலையத்துக்கு விடுவார்கள். இதைச் சொல்லியிருந்தால் எனக்கு வர மறுத்த ஓட்டுநர்களில் ஒருவராவது வந்திருக்கலாம். ஒரு கேள்வி கேட்காததன் விலை, புது டிக்கெட் 14,600 ரூபாய். எந்த நாட்டிலும் ஊரடங்கு என்றதும் அடுத்த கேள்வி 'யாருக்கு விலக்கு' என்பதாக இருக்கட்டும். டிக்கெட்டைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் தீர்ந்த கைப்பேசியைச் சிப்பாயிடம் காட்டி என்ன பயன்?

நம் தூதரகம் கூப்பிடு தூரத்தில் இருந்தது, ஆனால் காலி வீதியில், தடுப்புகளுக்கு அந்தப் பக்கம். அவசர எண்ணில் அழைத்தேன். பெயர், கடவுச்சீட்டு எண், தங்கியிருக்கும் முகவரி எல்லாம் குறித்துக்கொண்டு, வெளியே வராதீர்கள் என்றார்கள். நான் எதிர்பார்த்தது வண்டி அனுப்புவார்கள் என்று. படங்களில் பார்த்த நினைப்பு. அவர்கள் செய்வது நீங்கள் இருக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வதும், கூட்டமாக வெளியேற்றும் நிலை வந்தால் அழைப்பதும்தான். அந்தப் பதிவை ஊர் போய் இறங்கிய அன்றே செய்துவிடலாம். உள்ளூர் எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இலங்கையில் காவல்துறைக்கு 119, இலவச ஆம்புலன்சுக்கு 1990.

அந்த நாட்களில் ஒரு வதந்தி பரவியது: ஆட்சியில் இருந்தவர்கள் குடும்பத்தோடு இந்தியாவுக்குத் தப்பி ஓடிவிட்டார்கள், அடுத்து இந்தியப் படை வந்து இறங்கப் போகிறது என்று. இரண்டையும் நம் தூதரகம் வெளிப்படையாக மறுத்தது. ஆனால் மறுப்பு எப்போதும் வதந்தியைவிட நொண்டி நொண்டித்தான் நடக்கும். விடுதி வாசலில் காற்று வாங்க நின்றபோது சந்துக்காரர்கள் இருவர் "இந்தியாவா?" என்று கேட்டார்கள். குரலில் பகை என்று சொல்ல முடியாது, ஆனால் சிரிப்பும் இல்லை. நான் எப்போதும்போல அரசியல் பேச வாயெடுத்தேன். பையன் குறுக்கே புகுந்து, "சேருக்கு உடம்பு சரியில்லை" என்று என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனான். "சேர், இந்த நாட்களில் யார் எந்தப் பக்கம் என்று எங்களுக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான். கருத்துச் சொல்லாமல் இருக்க எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

10ஆம் தேதி, பொதுச் சொத்தைக் கொள்ளையடிப்பவர்களையும் உயிருக்குத் தீங்கு செய்பவர்களையும் சுடலாம் என்று படையினருக்குப் பாதுகாப்பு அமைச்சின் உத்தரவு வந்தது. அதன் பிறகு வாசற்படியில்கூட நிற்கவில்லை. 11ஆம் தேதி சாப்பாடு, காவலாளியின் வீட்டிலிருந்து வந்த பருப்பும் பாணும் (ரொட்டி). என்னிடம் இருந்தது ஒரு பாக்கெட் முறுக்கும் இரண்டு வாழைப்பழமும். மூன்றாகப் பங்கிட்டோம். பணம் கொடுக்கப் போனேன், காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இனி, எனக்கு உண்மையான பயத்தைக் கொடுத்த விஷயம். எனக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது. நான்கு நாள் பயணம் என்று ஐந்து மாத்திரை எண்ணி எடுத்துப் போனேன். எண்ணி! 11ஆம் தேதி காலையில் கடைசி மாத்திரை. கொழும்பில் அப்போது மருந்துக்கே தட்டுப்பாடு. தலை சுற்றுவது பயத்தாலா, கொதிப்பாலா என்று தெரியாமல் ஒரு முழு இரவு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் மூன்று நாள் பயணத்துக்கும் பதினைந்து நாள் மாத்திரையும், மருத்துவரின் சீட்டும் எடுத்துப் போகிறேன். மாத்திரை அட்டையை வெட்டுவதில்லை, மருந்தின் பெயரும் அளவும் அதில்தானே இருக்கிறது.

சட்டைப் பையில் கிடந்த பில்லை அன்றிரவுதான் எடுத்தேன். வெள்ளவத்தைக் கடைக்காரர் என்னை மறந்திருப்பார் என்று நினைத்தேன். "கடல் அறைத் தம்பிதானே?" என்றார். "நாளைக் காலை ஏழு மணிக்கு ஊரடங்கை எடுக்கிறார்கள், பின்னேரம் இரண்டு மணிக்குத் திரும்பப் போடுவார்கள். ஏழரைக்கு வெளிக்கிடுங்கள். பெரிய பையை உருட்டிக்கொண்டு வராதீர்கள், தோளில் போட முடிந்ததை மட்டும் கொண்டுவாருங்கள்." 12ஆம் தேதி உருளைப் பெட்டியைப் பையனிடமே விட்டுவிட்டு (நான்கு சட்டை, ஒரு செருப்பு, மனைவிக்கு வாங்கிய கைத்தறிச் சேலை) தோள்பையோடு நடந்தேன். இடப்பக்கம் பூட்டிய வீடுகள், வலப்பக்கம் கடல். எல்லோரும் எங்கோ அவசரமாக நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு இடத்தில் சிப்பாய்கள் கடவுச்சீட்டைப் பார்த்தார்கள். கையை வெளியே வைத்துக்கொண்டு, மெதுவாகப் பையைத் திறந்தேன். பம்பலப்பிட்டியைத் தாண்டியதும் ஒரு கோயில் மணி கேட்டது, அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டே நடந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பெரியவர் முதலில் என்னை மருந்துக்கடை வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். வேறு கம்பெனியின் பெயரில் அதே கொதிப்பு மருந்து அம்லோடிபின், அதே அளவு, ஏழு மாத்திரைக்கு மேல் தரமாட்டோம் என்றார்கள். அந்த ஏழையும் கையில் வாங்கியபோது கோயில் பிரசாதம் வாங்கியது போல இருந்தது. பிறகு கடைக்கு மேலே இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு ரெக்ஸின் பை தொங்கியது. குடைப்பை என்று நினைத்தேன். அவர் மனைவி சொன்னார்: காணி உறுதி (நிலப் பத்திரம்), பிறப்புச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டுகள், கொஞ்சம் காசு, ஒரு டோர்ச், ஒரு சோடிச் சட்டை. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், வெள்ளவத்தையில் இவர்களுடைய பழைய கடை எரிந்தபோது கையில் ஒரு தாளும் இல்லாமல் ஓடினார்களாம். அதிலிருந்து, எத்தனை வீடு மாறினாலும் முதலில் அடிப்பது அந்த ஆணியைத்தானாம். "இந்த முறை எங்களைத் தேடி வரவில்லை" என்றார் பெரியவர். "என்றாலும் பை தொங்கட்டும்." நான் மூன்று இரவு பயந்ததைப் பெரிதாகச் சொல்லத் தொடங்கியிருந்தேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அன்று மாலை புதிய பிரதமர் பதவியேற்றதைத் தொலைக்காட்சியில் எல்லோருமாகப் பார்த்தோம். யாரும் கைதட்டவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊரடங்கு எடுத்ததும் பெரியவரின் மருமகனுக்குத் தெரிந்த ஒருவர் வேன் கொண்டுவந்தார். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு 20,000 இலங்கை ரூபாய், பணமாக மட்டும். பேரம் பேசவில்லை. ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்று போட்ட பெற்றோல் அது. அட்டைகள் அந்த வாரம் எனக்குப் பாதி இடங்களில் வேலை செய்யவில்லை. பெல்ட்டுக்குள் மடித்து வைத்திருந்த 100 டாலர்தான் என்னை நகர்த்தியது. வழியில் ஓட்டுநர் ஓரிடத்தைக் காட்டினார், 9ஆம் தேதி இரவு அங்கிருக்கும் சுதந்திர வர்த்தக வலயத்துக்கு (ஏற்றுமதித் தொழிற்சாலைகள் உள்ள பகுதி) அருகே இளைஞர்கள் தாங்களாகவே சாவடி போட்டு, அரசியல்வாதிகள் தப்பிப் போகிறார்களா என்று விமான நிலையம் போகும் வண்டிகளைச் சோதித்தார்களாம். பயணிகளை ஒன்றும் செய்யவில்லையாம். "டிக்கியைத் திறந்து காட்டினால் போகச் சொல்வார்கள். திறக்க மாட்டேன் என்று சட்டம் பேசினால்தான் பிரச்சினை" என்றார்.

இப்போது கணக்கு. கூடுதலாகத் தங்கிய இரண்டு இரவுக்கு 6,800. புது டிக்கெட் 14,600. வேன் நம் பணத்தில் சுமார் 4,300. ரோமிங் 2,400. மொத்தம் 28,100. வீணாய்ப் போன பழைய டிக்கெட்டையும் விட்டுவந்த பெட்டியையும் சேர்த்தால் நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பயணக் காப்பீடு இருக்கிறதே என்று எல்லா ரசீதையும் வரிசையாக ஒட்டி, நானே ஒரு முகவர் என்ற மிடுக்கோடு விண்ணப்பம் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. உள்நாட்டுக் கலவரத்தால் வரும் இழப்பு என் பாலிசியில் விலக்கு. அதோடு, நான் புறப்படுவதற்கு முன்பே அவசரகால நிலை அறிவிக்கப்பட்டிருந்ததால் அது 'முன்னரே அறிந்த நிகழ்வு'. பக்கம் 23இல், சின்ன எழுத்தில், எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. பயணக் காப்பீடு வாங்குகிறவர்கள் இரண்டு சொற்களைத் தேடிப் பாருங்கள், கலவரம், முன்னறிந்த நிகழ்வு. கூடுதல் பிரீமியம் கட்டி இவற்றில் சிலவற்றைச் சேர்க்க வழி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். நான் என் வாடிக்கையாளர்கள் யாரிடமும் இந்தக் கதையை இன்றுவரை சொல்லவில்லை.

ஜூலை 9ஆம் தேதி கூட்டம் ஜனாதிபதி மாளிகைக்குள்ளேயே புகுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வெள்ளவத்தைக்கு அழைத்தேன். பெரியவர் அரசியல் எதுவும் பேசவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருப்பதாகச் சொன்னார். கொஞ்சம் தயங்கி, மனைவிக்குத் தைராய்டு மாத்திரை மூன்று வாரமாக எங்கும் கிடைக்கவில்லை, அங்கே கிடைக்குமா தம்பி என்று கேட்டார். அட்டையின் படத்தையும் மருத்துவர் சீட்டையும் அனுப்பச் சொன்னேன். திருச்சி தில்லைநகரில் மூன்று கடை ஏறி, ஆறு மாதத்துக்கு வாங்கி, அடுத்த வாரம் கொழும்புக்குப் போன ஒருவரிடம் சீட்டின் நகலோடு கொடுத்துவிட்டேன். எவ்வளவு என்று கேட்டுப் பெரியவர் இரண்டு முறை அழைத்தார். காவலாளியைப் போல நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், தொலைபேசியில் அது தெரியாது என்றாலும்.